கழுவிய கூடம்

கூடத்துத் தரை ஈரமாக இருந்தது. சனிக்கிழமை சாயந்தரம் காய்கறிப் பையோடு கதவைத் திறந்த கமலினிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி வைத்ததுமே உள்ளங்காலில் சில்லென்று பட்டது. யாரோ வாளித் தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் வாசல்வரைக்கும் தள்ளிவிட்டுப் போன மாதிரி மொசைக் முழுக்க ஈரம். மேலே வீடு கிடையாது, மொட்டை மாடிதான். மழையா என்றால், ஸ்ரீரங்கத்தில் ஒரு மாதமாகக் காக்கை நனையக்கூட மழை இல்லை.

"வரது, கூடத்துல தண்ணி கொட்டினியாடா?"

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. "நான் எழுந்துக்கவே இல்லையே அக்கா."

அதுதானே இந்த வீட்டின் கஷ்டம். தை மாதம் அப்பா போனதிலிருந்து வரது படுத்தவன் படுத்தவன்தான். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. அக்காவும் தம்பியும்தான் மிச்சம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். கட்டிலுக்கு வெளியே அவன் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா குள்ளம். 'ஒட்டடைக்குச்சியைப் பெத்து வெச்சிருக்கேன்' என்று கேலி செய்துகொண்டே இருப்பார். இப்போது கேலி செய்யவும் ஆளில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த தில்லை நகர் டாக்டர், எப்படியாவது இவனை வெளியே கூட்டிப்போங்கள், நடக்க வையுங்கள், இப்படியே விட்டால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அப்படித்தான் பச்சைமலை யோசனை வந்தது. கூட வேலை பார்க்கும் ஜெஸிமா டீச்சர்தான் வழி சொன்னாள். பெரிய ஏற்றமே கிடையாது, சின்னச் சின்ன மேடுகள், வழி நெடுக மரநிழல், ஓர் ஓடை, அதைத் தாண்டினால் புல்வெளி. "எங்க வீட்டு வாண்டுங்களே ஓடி ஏறுச்சுங்க டீச்சர். காலையில போனா சாயந்தரம் வீட்ல காப்பி குடிக்கலாம்."

கமலினி தரையைத் துடைத்துவிட்டு, போனில் மேப்பைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வரது வந்து உட்கார்ந்தான். வந்ததே பெரிது. பிறகு பச்சையாக இருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"இங்க உக்காந்து புளியோதரை சாப்பிடலாமா அக்கா? மன்சூரையும் கூப்பிடலாம். அவன் கார் இருக்கு."

அவள் போனை அவன் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடலாம்டா. நாளைக்கே போறோம்" என்றாள்.

சளார்.

அவள் முதுகுக்குப் பின்னால், கூடத்தில், ஒரு வாளித் தண்ணீர் தரையில் விழுந்து பரவும் சத்தம். அதைத் தொடர்ந்து ஈரத் தரையில் தென்னந்துடைப்பம் இழுபடும் சரக், சரக். அதோடு ஃபினாயிலும் வாடிய துளசியும் கலந்த ஒரு வாடை. வரது மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதை அவளே எழுப்பியிருக்கிறாள். தை மாதம், அப்பாவை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும், அவர் கிடந்த கூடத்தைத் தண்ணீர் விட்டுத் தள்ளிக் கழுவியது அவள்தான். சவம் போன வீட்டைத்தான் அப்படிக் கழுவுவார்கள். அதனாலேயே, ஊருக்குக் கிளம்பினவர்கள் படி இறங்கியதும் வீட்டைப் பெருக்கக் கூடாது, தண்ணீர் விட்டுத் துடைக்கக் கூடாது என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொள்வாள்.

கமலினி திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யாரும் இல்லை. தரை மட்டும் மறுபடி ஈரம்.

அன்றிரவு துடைத்தாள். காய்ந்தது. படுக்கப் போகும்போது மறுபடி ஈரம். குழாய் கசிவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்தக் குழாய் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

விடிகாலையில் புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. தூக்கி உட்கார வைத்த வரது, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் அக்கா, விடு" என்றான். சொல்லும்போதே அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல அணைவதை அவள் பார்த்தாள். இன்று கட்டிலுக்குத் திரும்பினால் இவன் இனி எழுந்திருக்க மாட்டான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நீ போயிட்டு வா. மன்சூர் இருக்கானே."

உறையூரிலிருந்து மன்சூர் காரோடு வந்தான். வரதுவின் காலேஜ் சிநேகிதன். "கவலையே படாதீங்க அக்கா, பொழுது சாய்றதுக்குள்ள உங்க தம்பியக் கொண்டாந்து விட்டுடறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

வரது ஷூவை மாட்டினான். "போயிட்டு வரேன் அக்கா." படி தாண்டினான்.

அவன் குதிகால் வாசலை விட்டதும், தண்ணீர் வந்தது.

அவள் கண்முன்னால், சுவரோரமாக, சத்தமில்லாமல், அவன் போன திசையைப் பார்த்து. 'வரது, போகாதே' என்று கத்த வாயைத் திறந்தாள். கிளம்பினவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. சின்ன வயதிலிருந்து ஊறிப்போனது, நாக்கு அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டால் அபசகுனம். கூப்பிடாவிட்டால்? அந்த ஒரு கணம் தயங்கியதில் கீழே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் போய்விட்டது.

வரதுவின் நம்பருக்கு அடித்தாள். உள்ளறையில், சார்ஜரில், அவன் போன் பாடியது.

மன்சூருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். வெயில் ஜன்னலில் ஏறி, கூடத்தின் ஈரத்தில் விழுந்து பளபளத்துக்கொண்டிருந்தபோதுதான் எடுத்தான்.

"அக்கா! துறையூர் தாண்டியாச்சு. ஏறப்போறோம், இனிமே சிக்னல் கிடைக்காது. இங்க கேளுங்க, யார் சிரிக்கிறான்னு."

வரது சிரித்துக்கொண்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அந்தச் சிரிப்பை ஒரு நொடி கேட்டுவிட்டாள். ஒரே நொடி.

"மன்சூர், திரும்பி வந்துடுங்கோ. மன்சூர்? திரும்பி வந்துடுங்கோடா!"

லைன் அறுந்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் விண்விண் என்று தெறித்தது. துடைக்கக் கூடாது. பெருக்கக் கூடாது. குளிக்கக் கூடாது. அவன் வரும்வரை ஒரு துளி தண்ணீரைத் தொடப்போவதில்லை. பெருமாளே. பெருமாளே.

மதியம்.

சளார்.

சரக். சரக்.

துடைப்பம் இல்லை. கை இல்லை. ஆள் இல்லை. தண்ணீர் மட்டும் நகர்ந்தது. நாற்காலிக் காலைச் சுற்றி. சோபாவைச் சுற்றி. வாசலைப் பார்த்து.

நடுக்கூடத்தில் ஓர் இடத்தில் அது ஏறவில்லை. விலகிப் போனது. அங்கே தரை காய்ந்து கிடந்தது. தெற்கே தலை. தோள். பக்கத்தில் ஒட்டிய கைகள். சேர்த்து வைத்த கால்கள்.

அப்பா கிடந்த இடம்தான். அப்பாவாகத்தான் இருக்கும். அப்பாதான்.

அப்பாவின் கால் டிவி மேசையோடு நின்றுவிட்டது. அவளுக்கு நினைவிருக்கிறது. இது நிற்கவில்லை. மேசையைத் தாண்டி நீண்டது. இன்னும் நீண்டது. கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கால்கள்.

போன் அடித்தது. மன்சூர்.

சிக்னல் இருக்கும் இடத்துக்கு இறங்கி வந்திருக்கிறான், இத்தனை சீக்கிரம். அவள் எடுக்கவில்லை. எடுக்காதவரை ஒன்றும் ஆகவில்லை.

துடைப்பச் சத்தம் நின்றது. தண்ணீர் இப்போது, ஓடையில் இறங்குகிறவன்மேல் ஏறுவதுபோல, கால்பக்கமிருந்து ஏறியது. பாதம். முழங்கால். இடுப்பு. நெஞ்சு.

போன் நின்றது. மறுபடி அடித்தது.

தலை இருந்த இடம் மட்டும் இன்னும் காய்ந்தே இருந்தது.