அவள் பக்கத்துப் பிரேக்

கொட்டுகிற மழை... சிவப்பு சிக்னல்... பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நம்ம டீச்சரம்மா குடையைக்கூட எடுக்காமல் இறங்கினாள். சைக்கிளோடு ஒருத்தன் அவள் பம்பரைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுமுங்க... கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

நனைந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சட்டை அதைவிட நனைந்திருந்தது. அந்தக் கண்கள்... சே, எவன் கண் எப்படி இருந்தால் எனக்கென்ன? கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். காரின் கூரைமேல் பயிற்சிப் பள்ளியின் போன் நம்பர் கொட்டை எழுத்தில் இருந்ததை மறந்துவிட்டாள், பாவம்.

அடுத்த வாரமே அவன் மாணவனாக வந்து உட்கார்ந்தான்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் அதை விட்டு நகர்ந்ததே இல்லை. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்த நாளிலிருந்து, காருக்கு வெளியிலும் அவள் அப்படித்தான். யாரையும் நம்புவதில்லை.

"இப்ப நிறுத்தினது நானா... நீங்களா?" என்பான், ஒவ்வொரு திருப்பத்திலும்.

"ரோட்டைப் பாருங்க."

ஆனால் அவளுக்கே ஒரே குழப்பம். நன்றாகத்தானே ஓட்டுகிறான், நான் ஏன் மிதிக்கிறேன்? அவன் சிரித்தால் கோபம் வருகிறது. வராத நாளில் அதைவிடக் கோபம் வருகிறதே... எனக்கு என்னதான் வேண்டும்?

விஷயத்தைப் போட்டு உடைத்தது பள்ளியை நடத்தும் அண்ணன். டெஸ்டுக்கு அழைத்துப் போவது அவர் வேலை. "உன் கண்ணாடிக்காரர் போன மாசமே லைசென்ஸ் வாங்கிட்டாரே. உனக்குத் தெரியாதா?"

தூக்கிவாரிப் போட்டது. இவனுமா?

மறுநாள் அவன் வந்ததும் சாவியைக் கொடுக்கவில்லை. "எல்லாம் முடிச்சிட்டு, என்கிட்ட நடிச்சிருக்கீங்க."

"நடிக்கலைங்க... சொல்லல. சொன்னா கிளாஸ் முடிஞ்சிடும். உங்களைப் பார்க்க வேற வழி தெரியல." தலையைக் குனிந்துகொண்டான். "மறைச்சது தப்புதான். மன்னிச்சுக்கோங்க. இனிமே வரல."

மழையில் இறங்கி நடந்துவிட்டான்.

அவள் அப்படியே நின்றாள். அந்த மாப்பிள்ளை ஒவ்வொரு பொய்க்கும் பத்துக் காரணம் சொன்னான். இவன் தப்பை ஒப்புக்கொண்டு போய்விட்டான். நம்பலாமா... கூடாதா? இன்று விட்டால் இனி வரமாட்டான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

காரை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய் ஹாரன் அடித்தாள். இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"ஏறுங்க. நீங்கதான் ஓட்டணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவள் காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். அவன் முகம் வெளிறிப் போனது.

"என்னங்க, காலை எடுத்துட்டீங்க? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்..." காரின் முன்கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்தபடி சொன்னாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நடு ரோட்டில் நின்றது. பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள். லைசென்ஸ் வாங்கிய மனுஷனுக்கு, கிளட்ச் எந்தக் காலில் என்பதே மறந்து போயிருந்தது.