ரப்பர் பால் பூசிய கம்பி

பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் இரண்டு மூன்று முறை இருமிவிட்டுத்தான் நிற்கும். பிளக்கில் கரி ஏறினால் நொண்டும். இது இரண்டும் செய்யவில்லை. பேசிக்கொண்டிருப்பவரின் வாயை யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல, தோட்டத்து வேன் மரப்பாலத்துக்கு முன்னால் சட்டென்று ஊமையானது.

தோட்டத்து ஷெட்டில் வண்டி பழுதுபார்க்கும் சபாபதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். விளக்கேற்றும் நேரம். மழை விட்டும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அழுகிய இலைகளின் புளித்த வாடையும் சூடான இரும்பின் வாடையும் கலந்து வந்தன. வேனின் கார்பைடு விளக்கின் மஞ்சள் ஒளி பாலத்தின் முதல் பலகைகள்வரை ஊர்ந்துபோய், அதற்குமேல் போக மனமில்லாததுபோல் அங்கேயே தங்கிவிட்டது. வண்டி நின்றிருக்கக் கூடாது. புதுக் கம்பியை அவனே இன்று காலையில் மாட்டியிருந்தான்.

பழைய கம்பியை ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் அடுப்பில் எரித்தாயிற்று. தீப்பொறி தரும் மேக்னெட்டோவிலிருந்து சுவிட்சுக்குப் போகும் கம்பி அது. அதன் வெறும் செம்பு வண்டியின் இரும்பில் பட்டால் போதும், சுவிட்சை அணைத்ததுபோல் எஞ்சின் நின்றுவிடும். மேலுறை உரிந்திருந்ததைப் போன வாரமே சபாபதி பார்த்தான். ஆனால் குளுவாங் டவுனில் மெக்கானிக் மாலை வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மலாயாவின் இந்தக் காஹாங் தோட்டத்தில் ஓட்டை வாளிக்கும் கிழிந்த சப்பாத்துக்கும் குடைக்கும் ஒரே மருந்துதான். துணிக்கீற்றைச் சுற்றி, மேலே ரப்பர் பாலைப் பூசிவிட்டு ஓடினான். பக்குவப்படுத்தாத ரப்பர் எஞ்சின் சூட்டில் இளகி வழியும், ஆறினால் மறுபடி இறுகும் என்று அடுத்த வகுப்பில் சொன்னார்கள். அதற்குள் ராஜம்மா செத்துப்போயிருந்தாள்.

பால்வெட்டுக்காரி. தலைப்பிரசவம். சாக்குகளை விரித்துப் பின்னால் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வேன் இந்தப் பாலத்தருகே நின்றது. டிரைவர் வீரமுத்து வண்டிக்கு முன்னால் நின்று, எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; அது திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்தது. விடிந்ததும், ஆறிப்போன எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அப்படியானால் டிரைவர் குடித்திருக்கிறான் என்றார் தோட்டத்துத் துரை. இன்று சபாபதி வண்டியைச் சோதித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு இல்லையென்றால் வீரமுத்து குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும், நாளைக்கே.

மதியம் வீரமுத்து ஷெட்டுக்கு வந்திருந்தார். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"நான் ஹேண்டில சுத்தவே இல்லையாம் தம்பி. வாஸ்தவந்தான், அதுதான் என்னையச் சுத்திருச்சு," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "தேத்தண்ணியத் தவிர எதையும் தொடல. நீ படிக்கிற புள்ள. நீ சொன்னா தொர கேப்பாரு."

"பாக்குறேண்ணே," என்றான் சபாபதி. அடுப்பில் அந்தக் கம்பி அப்போதே கரியாகியிருந்தது.

இப்போது அவன் இறங்கி, வகுப்பில் கற்ற வரிசைப்படியே பார்த்தான். பெட்ரோல் இருந்தது. பிளக் சுத்தமாக இருந்தது. புதுக் கம்பி எதிலும் படவில்லை. தன் கண்ணையே நம்பாமல் விரலால் தடவியும் பார்த்தான். கடைசியில் அந்தக் கம்பியையே கழற்றி எறிந்தான். இனி சுவிட்சைத் திருப்பினாலும் இந்த எஞ்சின் நிற்காது. பெட்ரோலை அடைத்தால்தான் நிற்கும். ஹேண்டிலைச் சுற்றினான். உறுமியது. ஏறி உட்கார்ந்து, மெல்ல நகர்த்தினான்.

முன்சக்கரம் பாலத்துப் பலகையில் ஏறியது.

நின்றது.

சூட்டில் விரிந்த இரும்பு டிக் டிக்கென்று ஆறியது. கீழே தண்ணீர். அவன் மூச்சு.

அவனுடையது மட்டுமல்ல.

முதுகுக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அப்பால், இன்னொன்று. பல்லைக் கடித்து இழுத்துவிடும் மூச்சு. இழுத்து. விட்டு. இழுத்து.

அவன் திரும்பவில்லை.

"வீரமுத்தண்ணே குடிக்கல," என்றான். "கம்பி நான் கட்டுனது. தொரகிட்ட சொல்லிடுறேன். நாளைக்குச் சொல்லிடுறேன்."

மூச்சு அடங்கியது.

பின்கதவின் கீல் முனகியது. ஓர் ஆள் இறங்கியதுபோல் வேன் லேசானது. வெறுங்கால்கள் பலகையில் ஈரமாக ஒட்டி, பிரிந்து, ஒட்டி, அவன் பக்கமாகவே நடந்து, முன்னால் போயின.

இரும்பை இரும்பில் செருகும் சத்தம்.

வண்டி குலுங்கியது. ரேடியேட்டருக்கு மேலே, விளக்கின் விளிம்பில், ஒரு முதுகு எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. முகத்தை மூடிய ஈரக்கூந்தல். எழும்போதெல்லாம் தெரிந்தது: வலது கை ஹேண்டிலோடு சுழல, இடது கை வயிற்றைத் தாங்கியிருந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முக்கல்.

எஞ்சின் பிடிக்கவில்லை. அவள் நிறுத்தவுமில்லை.