வாசலை விடப் பெரிய மிக்கேல்

பாதிரியார் யெராசிமோஸ் மலையிறங்கி வந்து, "அதிதூதர் மிக்கேல் படத்தைத் திருடிட்டாங்க" என்று சொன்னபோது, இன்ஸ்பெக்டர் அர்கிரிஸ் பூட்ஸைக் கழற்றி வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பெருமூச்சோடு பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மானி மலைமேல் இருந்த அந்தத் தேவாலயத்துக்குள் பாதிரியார், இன்ஸ்பெக்டர், உடன் வந்த கான்ஸ்டபிள் மூவரும் குனிந்துதான் நுழைந்தார்கள். பலிபீடத்தை மறைக்கும் கல்திரைக்குப் பக்கத்துச் சுவரில், படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெளுத்திருந்தது. கனத்த மரப்பலகையில் தீட்டிய படம்; நீளம், அகலம் இரண்டும் ஓர் ஆள் உயரம்.

"நாளைக்கு மியூசியத்துக்காரங்க எடுத்துட்டுப் போறதா இருந்தாங்க" என்றார் பாதிரியார்.

கான்ஸ்டபிள் ஃபோத்திஸ் துள்ளினான். "ஐயா, பழம்பொருள் கடத்துற கும்பல்தான்! ரோட்டை மறிச்சிடலாமா?"

"கொஞ்சம் மூச்சு விடுப்பா." அர்கிரிஸ் வாசலைத் தடவிப் பார்த்தார். மேலே பெரிய பழைய வளைவு. அதன் கீழே சின்னச் சின்னக் கற்களால் அடைத்து, மார்பளவு உயரத்துக்கு ஒரு குறுகிய திறப்பு. வளைவிலிருந்து குவிமாடம் வரை விரிசல். "சாமி, இந்த அடைப்பு எப்போ கட்டினது?"

"துருக்கியர் காலத்துல. நிலநடுக்கத்துக்கு அப்புறம் குவிமாடமே இதுமேலதான் நிக்குது."

"படம் அதுக்கு முந்தி உள்ள வந்தது, இல்லையா?"

பாதிரியார் கல்திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஃபோத்திஸ், ஜன்னல்ல கைதான் நுழையும். வாசல்ல படத்தை எப்படிச் சாய்ச்சாலும் போகாது. அப்போ படம் வெளியே போகவே இல்ல. நாம தேடாத இடம் திரைக்குப் பின்னாடிதான். அங்க யார் சாமி போவாங்க?"

"நான் மட்டும்தான்." யெராசிமோஸ் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "போர்வையில வச்சு, திரையோட பெரிய நடுவாசல் வழியா இழுத்தேன். இடுப்பு போச்சு. படத்தை எடுக்கணும்னா அடைப்பை உடைப்பாங்க. உடைச்சா கூரையே விழும்."

"இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எத்தனை தடவை சொல்றது? பார்க்கக்கூட ஒருத்தரும் வரல. திருட்டுன்னேன், அரை மணி நேரத்துல நீங்க வந்துட்டீங்க."

அர்கிரிஸ் விரிசலை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "மியூசியமா? படம் பத்திரமா இருக்கு. ஆனா நாளைக்கு ஒரு இன்ஜினீயர் இல்லாம வந்தா, வாசல்ல நான்தான் நிப்பேன்."

ஃபோத்திஸ் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். "சாமி, படத்தைப் பழைய இடத்துல வைக்க எந்தப் பக்கம் பிடிக்கணும்?"