நைனாவின் வீங்கிய தாடை

சங்கமித்ரா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில் ட்ரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வீடு அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டி. எல்லாம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்தன.

பச்சை லாரியைக் கண்டுபிடிப்பது சுலபம். முன்கண்ணாடியில் 'சங்கமித்ரா' என்று மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கும். லாரி முதலாளியுடையது. பெயர் மட்டும் அவளுடைய அப்பா ஒட்டியது. அவர் பெயர் அசோகன். "அசோகனுக்குப் பொண்ணு பொறந்தா வேற இன்னா பேரு வெப்பாங்க?" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

நேற்று மாலையிலிருந்து அவர் இந்த வரிசையில்தான் இருக்கிறார். நான்கு நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்.

அவள் படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

"நைனா, சோறு கொண்டாந்தேன். மீன் குழம்பு."

மீன் குழம்பு என்றால் அசோகன் கை கழுவக்கூட மறந்துவிடுவார். இன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். தாடையில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தார்.

"துண்ட எடு நைனா, பாக்கறேன்."

எடுத்தார். நேற்று எலுமிச்சம்பழம் அளவில் இருந்த வீக்கம் இன்று தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. தோல் சிவந்து, இழுத்துக் கட்டியதுபோல் மினுமினுத்தது. நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

அசோகன் கதவைத் திறந்து வெளியே துப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் துப்பினார்.

"ஏன் துப்பிக்கினே கீறே?"

"முழுங்க முடில."

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரல்போல இருந்தது அது.

பின்னால் ஹாரன் அலறியது. வரிசை நகர்ந்தது. அசோகன் வண்டியை எடுத்து இரண்டு லாரி தூரம் ஓட்டி நிறுத்தினார். சங்கமித்ராவுக்கு இருக்கையில் இருப்புக்கொள்ளவில்லை.

முன்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் சுப்பராயன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா அசோகா, இன்னும் அடங்கலியா? செங்கல்லைச் சுட்டுத் துணில சுத்தி ஒத்தடம் வெச்சா, வீக்கம் ஓடியே பூடும். இரு, அடுப்பு எரிஞ்சிகினுதான் கீது."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஒத்தடம் என்றதும் சங்கமித்ராவுக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. போன மாதம் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் கண்ணாடி போட்ட அக்கா ஒருவர், "மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள வையுங்க. போகுதா?" என்று கேட்டார். வகுப்பு முழுக்க விரலை வாயில் விட்டுக்கொண்டு சிரித்தது. உமைமா நான்கு விரலை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் முழித்தாள்.

பிறகு அந்த அக்கா சிரிக்காமல் சொன்னார்: "பல்வலிக்கு நேரம் கேட்டு டாக்டர்கிட்ட போகலாம். ஆனா வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, வீக்கம் கழுத்துக்கு இறங்குது, மூச்சு வாங்குதுன்னா காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீக்கத்து மேல சூடு வைக்கவே கூடாது."

"நைனா, வாயத் தொற."

அசோகன் முயன்றார். பற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. உள்ளே நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

சங்கமித்ரா நைனாவின் போனைக் கையில் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் நைனா. இப்பவே."

அவர் கையை வரிசைப் பக்கம் காட்டினார். "சாயங்காலம்... கப்பல்" என்றார். பெட்டி அதற்குள் உள்ளே போயாக வேண்டும். வரிசையை விட்டு வெளியே போனால், மறுபடியும் வால்பக்கம்தான் வந்து நிற்க வேண்டும்.

"கொஞ்சம் படுத்தா சரியாப்பூடும்" என்று இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையில் சாய்ந்தார்.

சாய்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காற்றை இழுத்தார். அவர் கண்களில் பயம் தெரிந்தது. புயல் மழையிலும் பாலத்தின் மேல் லாரி ஓட்டுகிற நைனா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

அம்மாவின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா வேலை செய்யும் கம்பெனியில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். இரண்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள். இப்போது பன்னிரண்டே கால்.

அவள் 108-ஐ அழுத்தினாள்.

"எங்க நைனாவுக்குப் பல்லுல சீழ் கட்டி, கழுத்து வரைக்கும் வீங்கிக் கீது. ஜுரம். எச்சில் முழுங்க முடில. படுத்தா மூச்சு முட்டுது."

மறுமுனையில் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. "படுக்க வைக்காதம்மா. நிமிர்ந்து உட்காரட்டும். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதே. எங்க இருக்கீங்க?"

"எர்ணாவூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல. பச்சை ட்ரெய்லர். கண்ணாடில சங்கமித்ரான்னு எழுதிக் கீது."

"அது யாரு?"

"நான்தான்."

போனை வைத்ததும் சுப்பராயன் வந்துவிட்டார். துணியில் சுற்றிய செங்கலிலிருந்து ஆவி பறந்தது. சங்கமித்ரா கீழே இறங்கிக் கதவை மறித்து நின்றாள்.

"வேணாம் மாமா."

"நவுரு பாப்பா. எத்தினி பேருக்கு வெச்சிருக்கேன் தெரியுமா?"

"இது வெறும் பல்வலி இல்ல மாமா. உள்ள இருக்கிற சீழு கழுத்துக்கு இறங்கிக்கினு கீது. சூடு வெக்கவே கூடாதுன்னு பல் டாக்டருங்க சொல்லிக் கீறாங்க. நீங்களே நைனாவைப் பாருங்க."

சுப்பராயன் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. செங்கல் கையைச் சுட, அதை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தபடி நின்றார்.

"இப்ப இன்னா பண்றது?" என்றார். அவருக்கும் எதையாவது செய்யாமல் நிற்க முடியவில்லை என்று சங்கமித்ராவுக்குப் புரிந்தது.

"ஆம்புலன்ஸ் வருது மாமா. ஆனா இந்த ரோட்டுல எப்டி உள்ள வரும்?"

சாலையில் லாரிகள் இரண்டு வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. நடுவே ஒரு பைக் கூட நெளிந்து நெளிந்துதான் போனது.

"அத்த எங்கிட்ட உடு" என்றார் சுப்பராயன்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஒவ்வொரு லாரிக் கதவையும் தட்டினார். தட்டியது கையால் அல்ல, செங்கலால். தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எல்லாரும் துள்ளி எழுந்தார்கள்.

"ஓரம் கட்டு, ஓரம் கட்டு. நம்ம அசோகனுக்கு மூச்சு முட்டுது."

பிரேக்குகள் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டன. பெரிய பெரிய சக்கரங்கள் அங்குலம் அங்குலமாக இடப்பக்கம் நகர்ந்தன.

சங்கமித்ரா மேலே ஏறினாள். நைனாவை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கீழே இறங்கிச் சாலையைப் பார்த்தாள். மறுபடியும் ஏறினாள். எங்கோ தூரத்தில் சைரன் சத்தம் கேட்டது. வண்டியைக் காணோம்.

சுப்பராயன் மூச்சிரைக்கத் திரும்பினார். கூடவே ஒல்லியான ஒருவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு. சுப்பராயன் லாரியின் இரண்டாவது ஓட்டுநர், பெயர் ஃப்ரெடி.

"அசோகாண்ணே, சாவியக் குடு. எங்கிட்டயும் துறைமுக பாஸ் கீது. உன் ஓனருக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிறேன்."

அசோகன் சாவியைப் பிடித்த கையை மார்போடு வைத்துக்கொண்டார்.

"நைனா, பெட்டிய ஃப்ரெடி மாமா உள்ள கொண்டு போவாரு. ஆஸ்பத்திரிக்கு உனக்குப் பதிலா அவரு போவ முடியாதுல்ல."

அசோகன் அவளையே பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார்.

அப்போது லாரிகள் விட்ட இடைவெளியில் வெள்ளை வண்டி தெரிந்தது.

ஆம்புலன்ஸில் அவரை உட்கார்ந்தபடியே வைத்து, மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். சங்கமித்ரா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். எதிரே இருந்த உதவியாளர் நல்லவர்தான். ஆனால் அவர் அடிக்கடி நைனாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு டாக்டர் வந்துவிட்டார். "எத்தனை நாளா?" என்று கேட்டார். அசோகனால் பேச முடியவில்லை.

"வலி நாலு நாளா. வீக்கம் நேத்து. காலைலேருந்து முழுங்க முடில. ஒரு விரல்தான் வாய்க்குள்ள போவுது" என்றாள் சங்கமித்ரா.

டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. சக்கர நாற்காலி வேகமாக உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது.

சங்கமித்ரா வெளியே நின்றுவிட்டாள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். செவிலியர் ஒருவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். இரண்டு மணி அடித்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். கம்பெனிச் சீருடையைக்கூட மாற்றாமல் அம்மா ஓடி வந்தாள். அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார்.

"தாடைக்குக் கீழே சின்னதாக் கீறிச் சீழை வெளியேத்திட்டோம். கெட்டுப்போன பல்லையும் எடுத்தாச்சு. மீதிச் சீழ் வடியறதுக்கு ஒரு ரப்பர் குழாய் வெச்சிருக்கோம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா மூச்சுக்குழாய் அடைச்சிருக்கும். இனி பயமில்லை."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சங்கமித்ராவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் மடியில் படுக்கும் வயதைத் தாண்டியிருந்தாள். ஆனாலும் படுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு நைனாவின் போன் அடித்தது. ஃப்ரெடி. "பாப்பா, பெட்டி உள்ள பூட்ச்சின்னு நைனாகிட்ட சொல்லு."

மூன்றாம் நாள் ரப்பர் குழாயை எடுக்க டாக்டர் வந்தார். அசோகனின் வீக்கம் வடிந்து, பழைய முகம் திரும்பியிருந்தது. காலையில் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, மூன்றாவது கேட்டிருந்தார். ஆனால் டாக்டர் கையில் இடுக்கியைப் பார்த்ததும் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

"ஒரு நொடிதான். வலிக்காது" என்றார் டாக்டர்.

"அப்படித்தான் எல்லா டாக்டரும் சொல்லுவீங்க" என்றார் அசோகன். குரல் தெளிவாக இருந்தது.

சங்கமித்ரா அவர் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். டாக்டர் குழாயை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டி, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"நைனா."

"இன்னா?"

"முடிஞ்சிப் போச்சு. என் விரல் நசுங்குது."

அசோகன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பிடியைத் தளர்த்தினார். கையை மட்டும் விடவில்லை.