சுற்றிப் போன கம்பளி

மேப்ரியின் அலுவலகச் சுவரில் சட்டம் போட்ட செய்தித்தாள் படம் ஒன்று தொங்கியது. வங்கிக் கொள்ளை வழக்கு முடிந்த அன்று எடுத்தது. நடுவில் அகஸ்டஸ் மேப்ரி, தொப்பியும் அரைப் புன்னகையுமாக. வலது ஓரத்தில் குடை பிடித்த ஒரு முழங்கை. அந்த முழங்கை வில்லா டோர்சியுடையது. வழக்கின் பாதியைத் துப்பறிந்தவள் அவள். படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் முதலில் அந்த ஓரத்துக்குத்தான் போகும்.

தொலைபேசி அடித்தது. வில்லாதான் எடுத்தாள்.

"மிஸ்டர் மேப்ரி இருக்காரா?"

"நானும் துப்பறியறவதான். சொல்லுங்க."

"இல்லம்மா, எனக்கு அவர்தான் வேணும். நான் லொரேன் பிக்கெட். சட்டமன்றத்துக்குள்ள தரையில உக்காந்து பேசறேன்."

அந்தப் பெயரை அறியாதவர்கள் அந்த மாநிலத்தில் இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை வாக்கெடுப்புக்கு விடும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று இருபது உறுப்பினர்கள் நேற்றிலிருந்து அவையின் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சபாநாயகர் அவையை ஒத்திவைத்துவிட்டுப் போனார். அரசாங்கக் கேமராக்களை அணைத்தார். இன்று மதியம் விளக்குகளையும் அணைத்தார். அவர்களோ ஒரு கைபேசியை முக்காலியில் சாய்த்து, தங்களைத் தாங்களே நாட்டுக்குக் காட்டினார்கள். அதில் எல்லோரும் பார்த்தது பிக்கெட்டைத்தான். புது உறுப்பினர். பெட்ரோல் பங்கில் நின்ற தம்பியைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள்.

வில்லா ஒலிபெருக்கியைத் தட்டினாள். மேப்ரி நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"என் பையில கைத்துப்பாக்கி இருந்துச்சு, சார். நான் வைக்கல. அது வேட் ஹோல்கமோடது. எங்கள எதிர்க்கற கட்சிக்காரர். மேஜை இழுப்பறையில வச்சிருந்தாராம். காணோம்னு கத்தினார், காவலருங்க எல்லார் பையையும் கொட்டினாங்க. அஞ்சு மணிக்கு சபாநாயகர் பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டிருக்கார்."

"என்ன சொல்லப் போறார்?"

"துப்பாக்கி வேண்டாம்னு கத்தறவளே துப்பாக்கித் திருடின்னு. அவங்க பக்கத்துலேர்ந்து மூணு பேர் எங்களுக்கு ஓட்டுப் போடறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க. இது வெளிய வந்தா நழுவிடுவாங்க. மசோதா அதோட செத்துடும்."

மேப்ரி எழுந்து தொப்பியை எடுத்தார். "வில்லா, மழை தூறுது. குடைய எடுத்துக்கோ."

'வேறென்ன எடுத்துக்கொள்ளப் போகிறேன்' என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. பின் வரிசைப் பக்கம் மட்டும் கைபேசிகளின் வெளிச்சம் தேங்கியிருந்தது. ஏதோ ஒரு தேவாலயம் அனுப்பிய சாம்பல் நிறக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதையின் நடுவே ஒருவர் நின்று, எதிரே காலியாக இருந்த சபாநாயகர் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் பிக்கெட் கையசைத்தாள். வில்லா நேராக நடந்தாள். யாரோ அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஒருத்தர் பேசிட்டிருக்கார்ல? அவருக்கும் நாற்காலிக்கும் நடுவுல போகக் கூடாது. பின்னால சுத்தி வாம்மா."

ஹாரியட் ஸ்டவல். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. உட்கார்ந்திருந்தவர்களில் பழைய உறுப்பினர் இவர் ஒருவர்தான். இந்த மசோதாவை முதன்முதலில் கொண்டுவந்ததே இவர்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும். ஒவ்வோர் ஆண்டும் அது குழுவுக்குப் போய்ப் புதைந்தது.

அதற்குள் இளம் உறுப்பினர்கள் இருவர் பீட்சா பெட்டிகளோடு குறுக்கே சாவகாசமாக நடந்து போனார்கள். ஸ்டவல் உச்சுக் கொட்டினார்.

அப்போது மாடத்திலிருந்து ஒரு நிருபர் குனிந்தார். "மேடம், கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? பிக்கெட்ட மறைக்கறீங்க."

ஸ்டவல் நகர்ந்தார். கம்பளியின் ஓரத்தை அவர் விரல்கள் கசக்கின. வில்லா அதைப் பார்த்துவிட்டு, ஏனோ சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

முன்வரிசை இடதுபக்க மேஜையில் ஹோல்கம் காத்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொப்பி. "வாங்க மேப்ரி. திருடிதான் பிடிபட்டாச்சே, இனிமே உங்களுக்கு என்ன வேலை?"

"அவைக்குள்ள ஆயுதம் கூடாதுன்னு விதி இருக்கே, ஐயா."

"அதுக்கு என்ன அபராதமோ கட்டறேன். திருட்டப் பத்திப் பேசுவோம்."

அது இருவர் உட்காரும் மேஜை. மூத்தவர்களுக்கே முன்வரிசை என்பது வழக்கம். அதனால் எதிரெதிர்க் கட்சிக்காரர்களான ஹோல்கமும் ஸ்டவலும் பல காலமாக அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத்தன வருஷத்துல ஒரு ஓட்டுகூட நாங்க ஒண்ணாப் போட்டதில்ல" என்றார் ஹோல்கம்.

"உன் வேர்க்கடலைத் தோலைப் பெருக்கினது மட்டும் நான்" என்றார் ஸ்டவல்.

வில்லா இழுப்பறையை இழுத்தாள். அது போட்ட கிறீச்சில் பேசிக்கொண்டிருந்தவரே பேச்சை நிறுத்தினார். ஹோல்கம் சிரித்தார். "முட்டியால கீழேர்ந்து தூக்கிட்டு இழுக்கணும் கண்ணு." அவர் இழுத்தபோது அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது.

மூடியிருந்த தாழ்வாரத்தில் நின்று, மதியம் ஒளிபரப்பான காட்சியை மேப்ரியும் வில்லாவும் பிக்கெட்டின் கைபேசியில் பார்த்தார்கள். பிக்கெட் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுகிறாள். இடப்பக்கமிருந்து ஹோல்கம் வருகிறார். ஒரு கையில் தொப்பி, மறு கையில் காபி. அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்று, காலி நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வலப்பக்கக் கதவால் வெளியேறுகிறார்.

சற்றுப் பொறுத்து, இடப்பக்க இருட்டிலிருந்து தலையோடு போர்த்திய கம்பளி ஒன்று கிளம்பியது. முகம் தெரியவில்லை. ஓரமாகப் பின்னுக்கு வந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி, முக்காலியை உரசிக் காட்சியை ஒரு குலுக்குக் குலுக்கி, வலப்பக்கம் பைகள் குவிந்திருந்த மூலைக்குப் போனது. வந்த வழியே திரும்பியது. இழுப்பறைச் சத்தம் எங்குமே கேட்கவில்லை.

"ஹோல்கம்தான் சார்" என்றாள் வில்லா. "வெளிய போய் ஒரு கம்பளியப் போத்திட்டுத் திரும்ப வந்திருக்கார். சத்தமில்லாம இழுப்பறையத் திறக்கத் தெரிஞ்சவர் வேற யாரு?"

"பைங்க எங்க இருந்துச்சு?"

"முன்னால, வலப்பக்கம்."

"மேஜை?"

"முன்னால, இடப்பக்கம்."

"நேரா போனா நாலு எட்டு. இருட்டு வேற. பின்பக்கம் வெளிச்சம், கேமரா, இத்தன பேரோட காலு. ஒளிஞ்சு போறவங்க எந்த வழியா போவாங்க?"

வில்லா வாயைத் திறந்தாள். பிறகு தன் சட்டைக் கையைப் பார்த்தாள். சற்று முன் யாரோ பிடித்து இழுத்த கசங்கல் இன்னும் அதில் இருந்தது.

"புரிஞ்சிடுச்சா?" என்றார் மேப்ரி. "எனக்கும் யாருன்னு தெரியுது. ஏன்னுதான் விளங்கல. தான் பெத்த மசோதாவத் தானே ஏன் கொல்லணும்?"

"அது எனக்குத் தெரியும்" என்றாள் வில்லா. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நம்ம ஆபீஸ் சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்கீங்க. அதுல என் முழங்கை மட்டும் இருக்கு, சார்."

மேப்ரி கைபேசியைக் கீழே இறக்கினார். "அத நான் கவனிச்சதே இல்ல, வில்லா."

"தெரியும்."

ஐந்து மணி நெருங்கியது. முன்வரிசை மேஜையைச் சுற்றி பிக்கெட், ஸ்டவல், ஹோல்கம் மூவரையும் மேப்ரி உட்கார வைத்தார். குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார்.

"இந்த இழுப்பறைய சத்தமில்லாம திறக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். பக்கத்துப் பக்கத்துல உக்கார்ற ரெண்டு பேர். மிஸ்டர் ஹோல்கம், இந்தப் பொண்ணு பேசறப்போ நீங்க குறுக்க நடந்தீங்க."

"நடந்தேன். அவை கலைஞ்சாச்சு. சபாநாயகர் இல்ல, சபை இல்ல. அவ நாற்காலிகிட்ட பேசிட்டிருந்தா. நாற்காலிக்கு எதுக்கு மரியாதை?"

"அதேதான். உங்களுக்கு அது பேச்சே இல்ல. இளவட்டங்களுக்கோ அந்த வழக்கமே தெரியாது, பீட்சாவோட குறுக்க போறாங்க. ஆனா கம்பளிக்குள்ள இருந்தவங்களுக்கு இது நிஜமான அவை. இந்தப் பொண்ணு பேசினது நிஜமான பேச்சு. அவ பேரக் கெடுக்கக் கிளம்பினப்பவும், அவ பேச்சுக்குக் குறுக்க போக மட்டும் கால் வரல."

பிக்கெட் மெல்லத் திரும்பி ஸ்டவலைப் பார்த்தாள். ஸ்டவல் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"கால் பழகிப்போச்சு" என்றார்.

"ஹாரியட்" என்றார் ஹோல்கம்.

"இந்த மசோதாவோட நான் தனியா நின்னிருக்கேன். ஒரு கேமரா வந்ததில்ல. நேத்து வந்தாங்க. வந்து, இவ தண்ணி பாட்டிலக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களான்னு என்கிட்ட கேட்டாங்க. பிடிச்சுக்கிட்டேன்." ஸ்டவல் பிக்கெட்டைப் பார்த்தார். "மசோதா ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். உன்னால ஜெயிக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்."

"உங்க பக்கத்துல உக்காரணும்னுதான் நான் தேர்தல்லயே நின்னேன்" என்றாள் பிக்கெட். "என் தம்பி ரத்தத்துல கெடச்ச பேரு மேலயாம்மா உங்களுக்குப் பொறாமை?"

ஸ்டவல் கம்பளியை மடித்து மேஜைமேல் வைத்தார். நடைபாதைக்குப் போய், காலி நாற்காலிக்கு எதிரே, முக்காலியிலிருந்த கைபேசியின் பார்வையில் நின்றார்.

"சபாநாயகர் அவர்களே, பேச அனுமதி கேட்கிறேன்" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னார். அனுமதி கிடைத்தது போல ஒரு கணம் காத்திருந்தார். பிறகு எதையும் மறைக்காமல், எவரையும் குறை சொல்லாமல், துப்பாக்கியைத் தான் எடுத்து வைத்ததைச் சொல்லத் தொடங்கினார்.

மாடியில் சபாநாயகருக்காகக் காத்திருந்த பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் தங்கள் கைபேசிகளில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹோல்கம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிக்கெட்டின் இடம் வலப்பக்கம் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பினாள். ஓரமாகப் பின்னுக்குப் போய், கடைசி வரிசைக்குப் பின்னால், கால்களைத் தாண்டித் தாண்டிச் சுற்றி நடந்தாள்.

பின்வரிசையில் நின்ற வில்லா தாழ்ந்த குரலில் கேட்டாள். "மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல" என்றாள் பிக்கெட். "அவங்க பேசிட்டிருக்காங்கல்ல."

ஸ்டவல் பேசி முடித்துச் சிறிது நேரத்தில் விளக்குகள் எரிந்தன. வாக்குக் கொடுத்திருந்த மூன்று பேரும் நழுவவில்லை. வேறு வழியில்லாமல், மறுநாள் காலை வாக்கெடுப்பு என்று சபாநாயகரின் ஆள் வந்து வாசித்துவிட்டுப் போனான்.

வெளியே மழை வலுத்திருந்தது. படிகளின் கீழே புகைப்படக்காரர்கள் நெருக்கியடித்தார்கள். வழக்கம்போல வில்லா ஓரத்தில் நின்று குடையை விரிக்கப் போனாள். மேப்ரி அதை அவள் கையிலிருந்து வாங்கி, தானே விரித்து, அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"நடுவுல நில்லு" என்றார். "குடை இன்னைக்கு என்கிட்ட இருக்கட்டும்."