ஆறாம் எண் அங்க்லுங்

உக்குவளைக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தை இராயப்பன் திறந்தபோது பிற்பகல் மூன்று மணி. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த இடம். ஈரச் சுவரின் நாற்றமும் பழைய மூங்கில் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின.

சுவரோரம் மரச்சட்டத்தில் எட்டு அங்க்லுங் வரிசையாகத் தொங்கின. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் பணிசெய்து திரும்பிய ஒரு சிஸ்டர் பங்குக் கோவிலுக்குக் கொடுத்தவை அவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூங்கில் குழல்கள். அடியைப் பிடித்து ஆட்டினால் கலகலக்கும். ஒன்றுக்கு ஒரு சுரம்தான் என்பதால் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் பாட்டு. அங்குள்ள சுந்தா மக்கள் நெல்லுத் தாயை வயலுக்கு அழைக்க இதைத்தான் ஆட்டுவார்களாம். "கூப்பிட்டா வந்துருவாங்களாம்" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பாட்டை நடத்துவது இராயப்பன். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை. அவர் கை உயர்ந்தால் அந்தச் சுரத்துக்காரி ஆட்ட வேண்டும். கை இறங்கும்வரை நிறுத்தக்கூடாது. வெளியே எல்லோருக்கும் அடங்கிப் போகிற மனிதர், இந்த மண்டபத்துக்குள் மட்டும் சட்டம் பேசுவார்.

ஆறாம் எண் அவருடைய மனைவி மார்ஜரியுடையது. மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில், பாட்டின் கடைசி நீண்ட சுரத்தில், அவள் முகம் வெளிறியது. கண்ணால் கெஞ்சினாள். பாட்டுக் கெட்டுவிடுமே என்று அவர் கையை இறக்கவில்லை. ஆட்டிக்கொண்டே சரிந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

அவள் கெஞ்சியதைத் தான் பார்த்ததாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாளை அவளுக்காகப் பூசை. அந்தப் பாட்டையே வாசித்து, யாருக்கும் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்.

"அக்காவோட ஆறாம் நம்பர யாருக்குக் குடுக்கப் போறீங்க, அத்தான்?" என்று கேட்டாள், ஒத்திகைக்கு வந்திருந்த மார்ஜரியின் தங்கை ரொஷானி.

"யாருக்கும் வேணாம். அது தொங்கட்டும். அந்தச் சுரம் இல்லாமலே முடிச்சிருவோம்."

ரொஷானி உட்பட ஏழு பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு நடுநடுவே ஓட்டை விழுந்து நொண்டியபடி கடைசி வரிக்கு வந்தது. பழக்கதோஷம் பொல்லாதது. இராயப்பனின் கை தானாக உயர்ந்தது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின.

ஆறாம் சுரத்தின் சைகை.

சட்டத்தில் தொங்கிய ஆறாம் எண் கலகலத்தது.

காற்று இல்லை. மற்ற ஏழும் பெண்களின் கைகளில் அசையாமல் இருந்தன.

"அத்தான்," ரொஷானியின் குரல் மெல்ல வந்தது. "கைய எறக்குங்க."

இறக்கினார்.

ஒலி நிற்கவில்லை.

பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். ரொஷானி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டார். அவளும் போன பிறகு, மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

"மார்ஜரி, நான் பாத்தேன். ஒனக்கு முடியலன்னு தெரிஞ்சும் கைய எறக்கல. மன்னிச்சிரு."

கலகலப்பு வேகமெடுத்தது.

பாய்ந்து போய் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தார். மூங்கில் சூடாக இருந்தது. ஆட்டியவளின் வியர்வைபோல ஓர் ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. அடுத்த கணம் அதை ஆட்டிக்கொண்டிருந்தவை அவருடைய கைகள்தான். விடப் பார்த்தார். விரல்கள் விரியவில்லை. தோள் கடுத்தது. இடப்பக்க நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது.

யாராவது நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று தலையை நிமிர்த்தினார்.

வழக்கமாக அவர் நிற்கும் இடத்தில், ஒரு பெண்ணின் கை மட்டும் உயர்ந்திருந்தது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கியபடி.

அது இறங்கவில்லை.