மாதிரிக்கு வைத்த முகம்

கரன்ட் வந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, ஃப்ளெக்ஸ் பிரிண்டரின் பச்சை விளக்கு எரிந்தது, பக்கத்துக் கடை ரேடியோவில் பாதியில் நின்றிருந்த பிரசங்கி மறுபடி கத்தத் தொடங்கினார். கம்ப்யூட்டரும் தானாகவே எழுந்துகொண்டது. திரையில்தான் ஒன்றுமில்லை. அச்சியா பின்னணிக்கு வைத்திருந்த நீலம் மட்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது.

மவுஸை ஆட்டிப் பார்த்தாள். அம்பு ஓடியது. ஐகான்களைக் காணோம். காலையில் கடை திறந்தபோது நாற்பத்தொன்று இருந்தன. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், அவளுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் ஆள். கொனோங்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவள் கடைக்குத்தான் வருவார்கள். செத்தவர் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து திரையிலேயே வைப்பாள். அடக்கம் முடிந்த பிறகுதான் அதை எடுத்து உள்ளே தள்ளுவாள். அதுவரை அவர்கள் கண்முன்னால் வரிசையாக இருக்கவேண்டும் என்பது ஏழு வருடப் பழக்கம்.

"என்னடி, பேயறைஞ்சவ மாதிரி உக்காந்திருக்கே? எங்கண்ணனைக் காணோமா?"

வாசலோர பெஞ்சில் அம்போமா உட்கார்ந்திருந்தாள். கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி. அவளுடைய அண்ணன், மரக்கடை ஒப்போக்கு, திங்கட்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் போஸ்டரோடுதான் வீட்டுக்குப் போவேன் என்று மதியத்திலிருந்து அசையாமல் இருக்கிறாள்.

"இருக்காருக்கா. கரன்ட் போச்சில்ல, கொஞ்சம் லேட்டாகுது."

"உயிரோட இருந்தப்பவே கூப்பிட்ட நேரத்துக்கு வந்தவன் இல்லை. இப்ப மட்டும் வந்துடுவானா?" என்று சொல்லி, தானே சிரித்து, சிரித்த வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

வெளியே ஹர்மட்டான் காற்று. பாலைவனப் புழுதி மூன்று நாளாக ஊரை மூடியிருந்தது. மணி மூன்றுதான், ஆனால் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துக்கடை தெரியவில்லை. புழுதி நாக்கில் கரித்தது, கீபோர்டில் படிந்தது, பிரிண்டர் மையின் புளித்த வாடையோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அச்சியாவின் உதடு வெடித்து இரண்டு நாளாக எரிந்துகொண்டிருந்தது.

வலது கிளிக் செய்தாள். பட்டியல் விரிந்தது. 'ஐகான்களைக் காட்டு' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. காட்டச் சொல்லித்தான் இருக்கிறது, ஆனால் காட்டவில்லை. டிக்கை எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண் சிமிட்டும் நேரத்துக்கு, வலப்பக்கக் கீழ் மூலையில் ஒரே ஒரு ஐகான் தெரிந்து மறைந்தது. அந்த மூலையில் அவள் எதையும் வைப்பதில்லை. பெயரை மட்டும் படித்துவிட்டாள். 'மாதிரி'.

அது பெடியாகோவின் படம் இருக்கும் ஃபைல்.

பெடியாகோ அவள் புருஷன். சாவு வீட்டுக்காரர்களை ஏற்றிப்போகும் வாடகை பஸ் ஓட்டுகிறான். கடை ஆரம்பித்த நாளில், படச்சட்டம் இப்படி இருக்கும், பூ இப்படி வரும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிப் போஸ்டர் தேவைப்பட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் முன்பே செத்துப்போன யாருடைய படத்தையாவதுதான் மாதிரிக்கு வைப்பார்கள். உயிரோடிருப்பவன் முகத்தை அந்தச் சட்டத்துக்குள் வைக்கமாட்டார்கள். அன்றைக்கு அவள் போனில் இருந்தது அவன் படம் ஒன்றுதான். கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பான். அவனே பார்த்துவிட்டு, "ஊர்லயே அழகான பொணம் நான்தான்டி. எடுத்துடாதே, இருக்கட்டும்" என்றான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் அந்த ஃபைலைத்தான் திறப்பாள். அவன் முகத்தின்மேல் செத்தவரின் முகத்தை இழுத்து வைப்பாள், பெயர் போடுவாள், வயது போடுவாள். ஏழு வருடத்தில் இரண்டாயிரம் பேராவது இருக்கும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஃபீஃபிக்குப் போன் போட்டாள்.

"ஐகான் எங்கயும் ஓடாதுக்கா. ஒளிஞ்சிக்கிட்டிருக்கும்" என்றான் அவன். எதையோ மென்றுகொண்டிருந்தான். "ஃபோல்டர் வழியா உள்ள போய் டெஸ்க்டாப்பைத் திறந்து பாரு. ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கும்."

திறந்தாள். இருந்தன. நாற்பத்தொன்றும். அவளுக்குப் போன உயிர் வந்தது.

"இருக்குடா ஃபீஃபி!"

"நான்தான் சொன்னேன்ல? திரைக்கு வரணும்னா டாஸ்க் மேனேஜரைத் திற. அதுல எக்ஸ்ப்ளோரரை நிறுத்திட்டு மறுபடி ஓட்டு. ஒரு நிமிஷம் எல்லாம் கறுப்பாகும், பயந்துடாதே. அப்புறம் அது அது இருந்த இடத்துக்கு வந்துடும்."

முதலில் அம்போமாவை அனுப்பிவிடலாம் என்று ஒப்போக்குவின் போஸ்டரைத் திறந்தாள். பெயர் சரி. வயது அறுபத்திரண்டு, சரி. சட்டத்துக்குள் பெடியாகோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"செத்தவங்க படம் போயிட்டு மாதிரிப் படம் வந்திருக்குடா."

"லிங்க் அறுந்திருக்கும்க்கா. அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அடுத்ததைத் திறந்தாள். பள்ளிக்கூட டீச்சர், எழுபது வயதுக்காரி. பெடியாகோதான். அதே சிரிப்பு, ஆனால் கண் அவளைப் பார்க்கவில்லை, கொஞ்சம் மேலே பார்த்தது, வண்டியில் இருக்கும் கண்ணாடியைப் பார்ப்பதுபோல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்றாவதைத் திறந்தாள். வாய் மூடியிருந்தது. நான்காவதில் அவன் தலை பாதி திரும்பியிருந்தது, பின்னால் யாரோ கூப்பிட்டமாதிரி. ஏழு வருடம் தினமும் பார்த்த படம் அது. இப்படி ஒரு படம் அவள் எடுத்ததே இல்லை.

ஐந்தாவதில் அவன் கண்ணிமையில் புழுதி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு வருடமாக ஒவ்வொரு சாவிலும் யாராவது ஒருவர் வந்து அவன் இடத்தில் படுத்தார்கள். அதனால் அது காலியாக இல்லை. இப்போது எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இடம் அவனுக்கென்று கிடக்கிறது.

அவனுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தமாலேக்கு ஒரு சாவுக் கூட்டத்தை ஏற்றிப்போனவன், இன்று மாலை திரும்பவேண்டும். வண்டி ஓட்டுகிறவனிடம் சாவுச் செய்தி எதையும் பேசுவதில்லை என்று அவள் ஒரு விதி வைத்திருந்தாள். இந்த வாரம் ஊரில் யார் போனார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னடி?"

அவன் குரல்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்க இருக்கே?"

"எஜிசு தாண்டிட்டேன். அரை மணி நேரத்துல வீடு. கென்கேயும் வறுத்த மீனும் எடுத்து வை, பசி உயிர் போகுது." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அச்சியா, ஒரு கூத்தைக் கேளு. தமாலேல ஏறினது பதினெட்டுப் பேரு. எல்லாரையும் குமாசியில இறக்கிட்டேன். இப்பப் பாத்தா வண்டி நிறைய ஆளு. எங்க ஏறினாங்கன்னே தெரியலைடி. கண்ணாடியில எண்ணிப் பாத்தேன், நாப்பத்தொண்ணு. எல்லாம் துக்கத் துணி. பாட்டுப் போட்டேன், ஒருத்தர் தலைகூட ஆடலை."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நம்ம மரக்கடை ஒப்போக்கு இருக்காரே, அவருதான் பக்கத்துல உக்காந்திருக்காரு. எங்க போயிட்டு வர்றீங்கண்ணேன்னு கேட்டேன். பதிலே சொல்ல மாட்டேங்கிறாரு. கோவமா என்னன்னு தெரியலை."

பெஞ்சில் அம்போமா அண்ணனின் பழைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"வண்டியை நிறுத்து" என்றாள் அச்சியா. "பெடியாகோ, வண்டியை நிறுத்து. இறங்கு. எல்லாத்தையும் போட்டுட்டு இறங்கி ஓடு."

"என்னடி சொல்றே? கேக்கலை. முன்னாடி ஒரே புழுதி, ரோடே தெரியலை..."

"இறங்குடா!"

அவன் ஏதோ சொன்னான். ஹார்ன் அடித்தான். நீளமாக. போன் அறுந்தது.

மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. அம்போமா எழுந்து வந்து, "என்னடி ஆச்சு? யாருகிட்ட அப்படிக் கத்துறே?" என்று தோளைத் தொட்டாள். அச்சியாவுக்கு அது காதில் விழவில்லை. ஃபீஃபி சொன்னது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. அது அது இருந்த இடத்துக்கு வந்துடும். இங்கே திரும்பி வந்துவிட்டால் அங்கே இருக்கமாட்டார்கள். வண்டி காலியாகிவிடும். அவன் மட்டும் இருப்பான். வீட்டுக்கு வருவான்.

மாதிரி ஃபைலை முதலில் அழித்துவிடப் பார்த்தாள். 'அழிக்க முடியாது, ஃபைல் வேறோர் இடத்தில் திறந்திருக்கிறது' என்று வந்தது. எந்த இடத்தில்?

டாஸ்க் மேனேஜர். எக்ஸ்ப்ளோரர். நிறுத்து.

திரை கறுத்தது. கறுப்பில் அவள் முகமும் பின்னால் அம்போமாவின் முகமும் மங்கலாகத் தெரிந்தன. எக்ஸ்ப்ளோரர் என்று மறுபடி அடிக்கையில் நான்குமுறை தப்பாக விழுந்தது. ஐந்தாவது முறை சரியாக விழுந்தது. தட்டினாள்.

நீலம் வந்தது.

வந்தார்கள். ஒவ்வொருவராக. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள்போல, ஒருவருக்குப் பின்னால் ஒருவர், நடுவே கொஞ்சம் நேரம் விட்டு. டீச்சர் வந்தாள். சந்தையில் வெங்காயம் விற்றவள் வந்தாள். இரட்டைப் பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். அச்சியா வாய்விட்டு எண்ணினாள். பத்து. இருபது. ஒன்றைத் திறந்து பார்த்தாள், அவரவர் முகம் அவரவர் சட்டத்தில். "கடவுளே, கடவுளே" என்றாள். முப்பது. முப்பத்தெட்டு. கடைசியில், எப்போதும்போல எல்லோருக்கும் பின்னால், ஒப்போக்கு.

நாற்பத்தொன்று.

அம்போமா கைதட்டினாள். "வந்துட்டான் பாரு எங்கண்ணன்! சோம்பேறி!"

அச்சியா நாற்காலியில் சாய்ந்தாள். போனை எடுத்தாள். அவன் எண்ணைத் தொட விரல் போனது.

வலப்பக்கக் கீழ் மூலையில் இன்னொன்று வந்து நின்றது.

நாற்பத்திரண்டு.

'மாதிரி' என்றில்லை. பெயர் இருந்தது. முழுப் பெயர். அவன் அப்பா வைத்தது.

அவள் தொடவில்லை. எதையுமே தொடவில்லை. பிரிண்டர் தானாக உறுமியது. ஃப்ளெக்ஸ் துணி நகர்ந்தது. மைத்தலை இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. வயதாகிப் போனவர்களுக்கு 'இறைவன் அழைத்தார்' என்று போடுவாள். அகாலத்தில் போனவர்களுக்கு வேறு வரி. அந்த வரிதான் வந்தது. சிவப்பில்.

'ஐயோ, என்ன அதிர்ச்சி!'

பிளக்கைப் பிடுங்கினாள்.

மைத்தலை ஓடியது.

முடி வந்தது. நெற்றி வந்தது. அங்குலம் அங்குலமாக. அப்புறம் கண். திறந்த கண். இமை முழுக்கப் புழுதி. ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கை. இடுப்புவரை நொறுங்கி ஏறியிருந்த தகரம்.

அம்போமாவின் இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து தலைமேல் கோத்துக்கொண்டன. சாவு வீட்டில் மட்டும்தான் கையை அப்படி வைத்துக்கொள்வார்கள். அவள் பெடியாகோவைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள்.

கரன்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. ரேடியோ நின்றது. திரை அணைந்தது. மைத்தலை மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வாசல் வழியே வந்த புழுதி வெளிச்சத்தில் துணி தரையில் வழிந்து விரிந்தது. அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருக்கைகள். எல்லாம் நிறைந்திருந்தன. டீச்சர், வெங்காயக்காரி, இரட்டைப் பிள்ளைகள். முன்னால் ஒப்போக்கு. பெடியாகோ ஒருவன் முகத்தில்தான் சிரிப்பு இல்லை. மற்ற நாற்பத்தொரு முகத்திலும், கல்யாணத்துக்கு மறுநாள் அவன் சிரித்த சிரிப்பு.